20 நிமிடப் பயணம்... 22 உயிர்கள்! மலைகளுக்கு நடுவே சிறிய விமானங்கள் ஏன் விபத்தில் சிக்குகின்றன?

முக்திநாத் போக வேண்டும் என்று ஆசைப்படும் தமிழக பக்தர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பொக்காராவில் இருந்து அந்த குட்டி விமானத்தில் போகலாமா, இல்லை ஜீப்பிலேயே போயிடலாமா?"

அந்தக் கேள்விக்கு பின்னால் ஒரு பயம் இருக்கிறது. அந்த பயத்துக்கு காரணமும் இருக்கிறது. 2022 மே 29 அன்று அதே வழித்தடத்தில் புறப்பட்ட சிறிய விமானம் ஒன்று போய்ச் சேரவே இல்லை. அதில் இருந்த 22 பேரும் உயிரிழந்தார்கள். அவர்களில் 4 பேர் இந்தியர்கள்.

இன்ஜின் பழுதாகி விழுந்ததா? இல்லை. நடுவானில் தீப்பிடித்ததா? அதுவும் இல்லை. பிறகு நன்றாகப் பறந்துகொண்டிருந்த விமானம் மலையில் எப்படி மோதியது? மலைப்பகுதியில் பறப்பது ஏன் இவ்வளவு ஆபத்து? விரிவாகப் பார்க்கலாம்.

அன்று என்ன நடந்தது?

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நேபாளத்தின் பொக்காரா விமான நிலையத்தில் இருந்து காலை 9.55 மணிக்கு தாரா ஏர் நிறுவனத்தின் ட்வின் ஆட்டர் விமானம் புறப்பட்டது. இரண்டு விமானிகள், ஒரு விமானப் பணிப்பெண், 19 பயணிகள் என மொத்தம் 22 பேர். பயணிகளில் 4 பேர் இந்தியர்கள், 2 பேர் ஜெர்மானியர்கள், மீதி 13 பேர் நேபாளிகள்.

போக வேண்டிய இடம் ஜோம்சோம். பறக்கும் நேரம் வெறும் 20 நிமிடம்தான். ஆனால், புறப்பட்ட 12-வது நிமிடத்தில், அதாவது 10.07 மணிக்கு கட்டுப்பாட்டு அறையுடன் கடைசித் தொடர்பு. அதற்குப் பிறகு விமானத்தில் இருந்து பதில் இல்லை.

தேடப் போன ஹெலிகாப்டர்கள் மோசமான வானிலையால் திரும்பி வந்தன. விமானியின் செல்போன் சிக்னலை நேபாள டெலிகாம் மூலமாகத் தடம் பிடித்து, எந்தப் பகுதியில் தேட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மறுநாள் காலையில்தான் முஸ்தாங் மாவட்டத்தின் தாசாங் பகுதியில், சுமார் 14,500 அடி உயரத்தில், செங்குத்தான மலைச்சரிவில் உடைந்த பாகங்கள் கண்ணில் பட்டன. கடைசி உடலை மீட்க மே 31 ஆகிவிட்டது.

ஜோம்சோம் விமான நிலையம் இருப்பது சுமார் 9,000 அடி உயரத்தில். விமானம் மோதியதோ 14,500 அடி உயர மலைச்சரிவில். பள்ளத்தாக்கு வழியாகப் போக வேண்டிய விமானம், தன் பாதையை விட்டு விலகி மலைக்குள் போயிருக்கிறது. ஏன்?

முதலில் இந்த வழித்தடத்தை தெரிந்துகொள்வோம்

ஜோம்சோமுக்கும் தமிழர்களுக்கும் நெருக்கமான தொடர்பு உண்டு. 108 வைணவ திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் என்று வணங்கப்படுவது முக்திநாத் தலம்தான். திருமங்கையாழ்வாரும் பெரியாழ்வாரும் பாடிய தலம். சாளக்கிராமக் கற்கள் கிடைப்பதும் இங்கே ஓடும் காளி கண்டகி ஆற்றில்தான். வருஷா வருஷம் தமிழ்நாட்டில் இருந்து ஏராளமானோர் போகிறார்கள்.

பொக்காராவில் இருந்து சாலை வழியாகப் போனால் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க மலைப்பாதையில் குலுங்கிக்கொண்டே போக வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவு வேறு. விமானத்தில் போனால் 20 நிமிடம். வயதானவர்களை அழைத்துப் போகும் குடும்பங்கள் விமானத்தைத் தேர்ந்தெடுப்பது இயல்புதானே!

ஆனால் அந்த 20 நிமிடப் பாதை எப்படிப்பட்டது தெரியுமா? ஒரு பக்கம் 8,167 மீட்டர் உயர தவுளகிரி. இன்னொரு பக்கம் 8,091 மீட்டர் உயர அன்னபூர்ணா. இரண்டுக்கும் நடுவே காளி கண்டகி ஆறு வெட்டிய ஆழமான பள்ளத்தாக்கு. உலகின் மிக ஆழமான பள்ளத்தாக்குகளில் ஒன்றாக இதைச் சொல்வார்கள்.

பயணிகள் விமானம் எதுவும் இந்த சிகரங்களுக்கு மேலே ஏறி, சமவெளியில் போவது மாதிரி நேராகப் போய் இறங்க முடியாது. ட்வின் ஆட்டர் போன்ற விமானங்களின் கேபினுக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டும் வசதி கிடையாது. அதனால் அதிக உயரத்தில் பறக்க முடியாது. மலைகளுக்கு நடுவே, பள்ளத்தாக்குக்குள்ளேதான் பறந்தாக வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், இரண்டு பக்கமும் சுவர் இருக்கும் சந்துக்குள் வண்டி ஓட்டுவது போல.

ட்வின் ஆட்டர்: பழைய விமானம்... ஆனா அதுவா காரணம்?

விபத்து நடந்ததுமே எல்லோரும் பேசியது விமானத்தின் வயதைப் பற்றித்தான். அந்த விமானம் முதலில் பறந்தது 1979-ல். அதாவது 43 வயது.

"இவ்வளவு பழைய விமானத்தை எப்படி ஓட்ட விட்டாங்க?" என்ற கோபம் நியாயமாகத் தெரியலாம். ஆனால் விமானத்துக்கு வயது என்பது காருக்கு வயது மாதிரி இல்லை. குறிப்பிட்ட மணி நேரம் பறந்ததும் இன்ஜினைக் கழற்றிப் பிரித்து சரிபார்ப்பார்கள். தேய்ந்த பாகங்களை மாற்றுவார்கள். ஒழுங்காகப் பராமரித்தால் பல பத்தாண்டுகள் பறக்கலாம்.

கனடாவின் டி ஹாவிலேண்ட் நிறுவனம் உருவாக்கிய ட்வின் ஆட்டர் முதலில் பறந்தது 1965-ல். இரண்டு டர்போபிராப் இன்ஜின்கள். சுமார் 19 பயணிகள் உட்காரலாம். குட்டையான ஓடுதளத்திலும், கரடுமுரடான மண் தரையிலும் இறங்கி ஏறும். ஜோம்சோம், லுக்லா மாதிரி இடங்களுக்கு இதைப் போன்ற விமானங்களை விட்டால் வேறு வழி இல்லை. எவரெஸ்ட் போகிறவர்கள் இறங்கும் லுக்லா ஓடுதளத்தின் நீளம் 527 மீட்டர்தான். அதுவும் தட்டையாக இல்லை, கிட்டத்தட்ட 12 சதவீதம் சரிவு!

2022 விபத்தின் விசாரணை அறிக்கையும் விமானத்தின் வயதை முக்கியக் காரணமாகச் சொல்லவில்லை. அது கை காட்டியது வேறு மூன்று விஷயங்களை: மேகம், பாதை விலகல், அணைத்து வைக்கப்பட்ட எச்சரிக்கைக் கருவி.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சிக்கல் 1: கண்ணால் பார்த்து ஓட்டும் விமானம்

விமானம் ஓட்ட இரண்டு முறைகள் உண்டு.

ஒன்று, கருவிகளை நம்பி ஓட்டுவது. சென்னையில் இருந்து டெல்லி போகும் பெரிய விமானம் மேகத்துக்குள் புகுந்தாலும் நமக்கு கவலை இல்லை. விமானிக்கு வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் கருவிகள் வழிகாட்டும். கீழே இருந்து ரேடாரும் பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, வெளியே பார்த்து ஓட்டுவது. ஆறு எங்கே, மலை எங்கே, கணவாய் எங்கே என்று கண்ணால் பார்த்துக்கொண்டே போவது. ஜோம்சோம் போகும் விமானங்கள் இப்படித்தான் பறக்கின்றன. ஏனென்றால் குறுகலான மலைப் பள்ளத்தாக்கில் கருவிகளை மட்டும் நம்பி இறங்கும் வசதியை ஏற்படுத்துவது மிகவும் கஷ்டம். ரேடார் அலைகளையும் மலைகள் மறைத்துவிடும்.

இந்த இரண்டாவது முறைக்கு ஒரே ஒரு விதி: மேகத்துக்குள் போகக் கூடாது. போனால் கண் கட்டிய மாதிரி ஆகிவிடும்.

"நேபாளத்து மேகங்களுக்குள் பாறை இருக்கும்" என்று விமானிகள் வட்டாரத்தில் ஒரு பேச்சே உண்டு. கேட்க வேடிக்கையாக இருந்தாலும், 2022-ல் நடந்தது அதுதான்.

சிக்கல் 2: நிமிடத்துக்கு நிமிடம் மாறும் வானிலை

மேகம் இருந்தால் போகாமல் இருக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் மலையில் வானிலை புறப்படும்போது ஒன்றாக இருக்கும், பத்து நிமிடத்தில் வேறாக மாறிவிடும்.

ஈரமான காற்று மலைச்சரிவில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. ஊட்டி, கொடைக்கானல் போனவர்களுக்கு இது தெரியும். வெயில் அடித்துக்கொண்டே இருக்கும், திடீரென்று பத்தடி தூரத்தில் இருக்கும் ஆள் கூடத் தெரியாத அளவுக்கு மூடிவிடும். காரில் போனால் ஓரமாக நிறுத்தலாம். விமானத்தை எங்கே நிறுத்துவது?

காளி கண்டகி பள்ளத்தாக்கில் இன்னொரு தொல்லையும் உண்டு. அது காற்று. காலையில் வெயில் ஏற ஏற வடக்கே இருக்கும் திபெத் பீடபூமி சூடாகிறது. அங்கே சூடான காற்று மேலே போக, தெற்கே இருக்கும் காற்று இந்தப் பள்ளத்தாக்கு வழியாக வேகமாக இழுக்கப்படுகிறது. காலை 10, 11 மணிக்கு மேல் ஜோம்சோமில் பலத்த காற்று வீசத் தொடங்கிவிடும். அதனால்தான் அங்கே விமானங்கள் பெரும்பாலும் காலை நேரத்திலேயே போய் வந்துவிடுகின்றன.

இதனால் என்ன ஆகிறது? விமானிக்கு கிடைப்பது சில மணி நேரம்தான். காலையில் மேகம் விலகக் காத்திருந்தால், அதற்குள் காற்று வந்துவிடும். அன்றைய பயணமே ரத்தாகிவிடும். இந்த நெருக்கடி விமானியின் முடிவைப் பாதிக்காமல் இருக்குமா?

சிக்கல் 3: மெல்லிய காற்று

உயரம் போகப் போக காற்றின் அடர்த்தி குறையும். ஜோம்சோம் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட முக்கால் பங்குதான். விபத்து நடந்த 14,500 அடியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்று குறைவு.

காற்று மெலிந்தால் இன்ஜினின் சக்தி குறையும். மேலே ஏறும் வேகம் குறையும். இதைவிட முக்கியமானது, திரும்புவதற்கு அதிக இடம் தேவைப்படும்.

ஒரு சின்ன கணக்கு. 14,500 அடியில் பறக்கும் விமானத்தின் மீட்டர் 100 நாட் வேகம் காட்டுகிறது என்றால், உண்மையில் அது சுமார் 125 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். காற்று மெலிந்திருப்பதால் மீட்டர் குறைத்துக் காட்டுகிறது. 125 நாட் என்பது மணிக்கு சுமார் 230 கிலோமீட்டர். அதாவது 16 நொடியில் ஒரு கிலோமீட்டர்!

வேகம் கூடினால் திரும்பும் வட்டமும் பெரிதாகும். அதே சாய்வில் திரும்பினால், கடல் மட்டத்தில் தேவைப்படுவதைப் போல ஒன்றரை மடங்கு இடம் வேண்டும். குறுகிய பள்ளத்தாக்குக்குள் போன பிறகு "தப்பாக வந்துட்டோம், திரும்பிடலாம்" என்று நினைத்தால் அதற்கு இடம் இருக்க வேண்டும். மேகம் விலகி எதிரே மலை தெரியும்போது ஒரு கிலோமீட்டர்தான் மிச்சம் என்றால், கையில் இருப்பது 16 நொடி மட்டுமே. மேலே ஏறவும் முடியாது, திரும்பவும் முடியாது.

சிக்கல் 4: எச்சரிக்கைக் கருவியை ஏன் அணைத்தார்கள்?

இதுதான் பலரையும் அதிர வைத்த விஷயம்.

இன்றைய விமானங்களில் 'டாஸ்' என்று ஒரு கருவி இருக்கிறது. முன்னால் மலை இருந்தால் எச்சரிக்கும் கருவி. விமானம் எங்கே இருக்கிறது என்பதை ஜிபிஎஸ் மூலம் தெரிந்துகொண்டு, தன்னிடம் இருக்கும் நிலப்பரப்பு வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். மோதும் அபாயம் இருந்தால் முதலில் எச்சரிக்கும். பிறகு "மேலே ஏறு, மேலே ஏறு" என்று ஆங்கிலத்தில் சத்தமாகக் கத்தும்.

2022-ல் விபத்துக்குள்ளான விமானத்திலும் இந்தக் கருவி இருந்தது. ஆனால் அதன் எச்சரிக்கை முடக்கி வைக்கப்பட்டிருந்தது. விசாரணை அறிக்கையே இதைச் சொல்கிறது.

உயிர் காக்கும் கருவியை யாராவது அணைப்பார்களா? இங்கதான் சிக்கல். பள்ளத்தாக்குக்குள் பறக்கும்போது இரண்டு பக்கமும் எப்போதும் மலைதான். வானம் தெளிவாக இருந்து, விமானி எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாலும் கருவி கத்திக்கொண்டே இருக்கும். அதைத் தொல்லையாக நினைத்து முடக்குவதற்கு ஒரு பொத்தானும் இருக்கிறது.

வீட்டில் தாளிக்கும்போதெல்லாம் அலறும் புகை எச்சரிக்கை மணியை எரிச்சலில் கழற்றி வைப்பது போலத்தான். பல நாள் ஒன்றும் ஆகாது. ஆனால் நிஜமாகவே தீப்பிடிக்கும் நாளில் எச்சரிக்க எதுவும் இருக்காது.

தெளிவான வானத்தில் தொல்லையாக இருந்த அதே கருவிதான், மேகத்துக்குள் புகுந்ததும் ஒரே துணையாக இருந்திருக்கும். அந்த நேரத்தில் அது மௌனமாக இருந்தது.

விசாரணை அறிக்கை என்ன சொன்னது?

நேபாள அரசு அமைத்த விசாரணைக் குழு தனது இறுதி அறிக்கையில் சொன்னதன் சாரம் இதுதான்: விமானம் எதிர்பாராமல் மேகமூட்டத்துக்குள் போனபோது, விமானிகள் சரியான பாதையைக் கவனித்து அதில் நிலைத்திருக்கத் தவறினார்கள். நிலத்தடை எச்சரிக்கைக் கருவி முடக்கப்பட்டிருந்தது. அதனால் விமானம் மலையில் மோதியது.

தாங்கள் எங்கே இருக்கிறோம் என்ற தெளிவை விமானிகள் இழந்தது, மோசமாகிக்கொண்டே போன வானிலை, இரண்டு விமானிகளுக்கும் இடையே போதுமான ஒருங்கிணைப்பு இல்லாதது ஆகியவையும் துணைக் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

இந்த மாதிரி விபத்துக்கு விமானத் துறையில் 'சிஃபிட்' என்று பெயர். விமானம் நன்றாக இருக்கும், இன்ஜின் ஓடும், விமானியின் கட்டுப்பாட்டிலும் இருக்கும். ஆனால் எதிரே மலை இருப்பது தெரியாமலேயே போய் மோதிவிடும். கடைசி நொடி வரை உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து தெரியாமல்கூடப் போகலாம்.

இது முதல் முறை இல்லை என்பதுதான் வேதனை. 2016 பிப்ரவரி 24 அன்று, இதே நிறுவனத்தின் ட்வின் ஆட்டர், இதே பொக்காரா - ஜோம்சோம் பாதையில் மலையில் மோதி 23 பேர் இறந்தார்கள். கண்ணால் பார்த்து ஓட்ட வேண்டிய பயணத்தில், திரும்பத் திரும்ப மேகத்துக்குள் போக விமானிகள் எடுத்த முடிவுதான் காரணம் என்று அந்த விசாரணையும் சொன்னது. ஆறு வருஷம் கழித்து அதே பாதையில் அதே தவறு.

மேகத்துக்குள் போனால் நம் உடம்பே நம்மை ஏமாற்றும்!

அனுபவசாலி விமானிகள் எப்படி வழி தவறுகிறார்கள்? இதற்கு நம் காதுக்குள் பதில் இருக்கிறது.

உள்காதில் திரவம் நிரம்பிய மூன்று வளைவான குழாய்கள் உண்டு. நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம், திரும்புகிறோம் என்பதை மூளைக்குச் சொல்வது அவைதான். ஆனால் விமானம் மெதுவாக, ஒரே சீராகத் திரும்பினால் சிறிது நேரத்தில் அந்தத் திரவம் அசைவை உணர்வதை நிறுத்திவிடும். விமானம் சாய்ந்திருக்கும், நமக்கோ நேராகப் போவது போலவே தோன்றும்.

வெளியே தொடுவானம் தெரிந்தால் கண் அந்தத் தவறைத் திருத்திவிடும். மேகத்துக்குள் கண்ணுக்கு வேலை இல்லை. அப்போது கருவிகளை மட்டுமே நம்ப வேண்டும். "என் உடம்பு சொல்வது பொய், மீட்டர் சொல்வதுதான் உண்மை" என்று அந்தப் பதற்றத்தில் நம்புவது எளிதான காரியம் இல்லை.

1954-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கருவிப் பயிற்சி இல்லாத 20 மாணவர்களை மேகத்துக்குள் பறப்பது போன்ற சூழலில் ஓட்ட வைத்தார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு எடுத்த சராசரி நேரம் 178 நொடி. மூன்று நிமிடம்கூட இல்லை! பயிற்சி பெற்ற விமானிகள் இதைவிட நன்றாகச் சமாளிப்பார்கள். ஆனால் பக்கத்திலேயே மலை இருக்கும் இடத்தில் சிறிய குழப்பம்கூடப் போதும்.

குன்னூரில் நடந்ததும் இதுதானா?

தமிழ்நாடு மறக்க முடியாத நாள் 2021 டிசம்பர் 8. சூலூரில் இருந்து வெலிங்டன் நோக்கிப் போன விமானப்படையின் எம்.ஐ.17 வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவரது மனைவி உட்பட அதில் இருந்த 14 பேரும் உயிரிழந்தார்கள்.

சதியா, இயந்திரக் கோளாறா என்று அப்போது பல யூகங்கள் கிளம்பின. முப்படை விசாரணைக் குழு அவற்றை மறுத்தது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது, விமானிக்கு திசை உணர்வு குழம்பியது, அதனால் மோதல் ஏற்பட்டது என்று சொன்னது. அதாவது, அதுவும் சிஃபிட்தான்.

2022 அக்டோபர் 18 அன்று கேதார்நாத்தில் இருந்து பக்தர்களுடன் திரும்பிய ஹெலிகாப்டர் மலையில் மோதி 7 பேர் இறந்தார்கள். அவர்களில் மூன்று பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அன்றும் அந்தப் பகுதியில் மேகமூட்டம்தான்.

இமயமலையாக இருந்தாலும் நீலகிரியாக இருந்தாலும் மலை, மேகம், குறுகிய பள்ளத்தாக்கு மூன்றும் சேர்ந்தால் ஆபத்து ஒன்றுதான். எவ்வளவு திறமையான விமானியாக இருந்தாலும் அதில் சலுகை கிடையாது.

எல்லா பழியும் மலை மேலேயா?

இல்லை. அப்படிச் சொன்னால் அது பாதி உண்மைதான்.

2012 மே 14 அன்று, முக்திநாத் பக்தர்களுடன் போன அக்னி ஏர் நிறுவனத்தின் டோர்னியர் விமானம், ஜோம்சோமில் முதல் முயற்சியில் இறங்காமல் திரும்பும்போது மலைச்சரிவில் மோதியது. 21 பேரில் 15 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் 13 பேர் இந்தியர்கள். விளம்பரங்களில் நடித்துப் பிரபலமான சிறுமி தருணி சச்தேவும் அதில் ஒருவர். குறுகிய பள்ளத்தாக்கில் திரும்ப இடம் போதாது என்று மேலே பார்த்தோமே, அதற்கு இந்த விபத்தும் உதாரணம்.

2023 ஜனவரி 15 அன்று பொக்காராவில் விழுந்த எட்டி ஏர்லைன்ஸ் விமானத்தில் 72 பேர் இறந்தார்கள். அது பெரிய விமானம். வானிலையும் நன்றாகத்தான் இருந்தது. விமானி அறையில் தவறான நெம்புகோலை இயக்கியதால் இரண்டு இன்ஜின்களின் விசிறிகளும் உந்துவிசை தராத நிலைக்குப் போய்விட்டன என்று விசாரணை கண்டறிந்தது. அங்கே மலைக்கு வேலையே இல்லை.

ஆக, பயிற்சி, கண்காணிப்பு, விதிகளைக் கறாராக அமல்படுத்துவது எல்லாமே முக்கியம். 2013 டிசம்பரில் நேபாள விமான நிறுவனங்கள் அனைத்தும் தன் வான்பரப்பில் பறக்க ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. அந்தத் தடை ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

இதில் திரும்பத் திரும்ப எழும் ஒரு விமர்சனம்: நேபாளத்தில் விமான நிலையங்களை நடத்துவதும், விமானப் பாதுகாப்பைக் கண்காணிப்பதும் ஒரே ஆணையம்தான். தேர்வு எழுதுபவரே விடைத்தாளையும் திருத்தினால் எப்படி? இதை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு பல வருஷங்களாக நடக்கிறது.

அப்போ, அந்த விமானத்தில் போகலாமா, வேண்டாமா?

பயப்படுத்துவது இந்தக் கட்டுரையின் நோக்கம் இல்லை. நல்ல வானிலையில் எத்தனையோ விமானங்கள் ஜோம்சோம் போய் பத்திரமாகத் திரும்புகின்றன. ஆனால் பயணிகளாகிய நம் கையிலும் சில விஷயங்கள் இருக்கின்றன.

1. காலையின் முதல் விமானத்தையே பதிவு செய்யுங்கள். நேரம் ஆக ஆக காற்றும் மேகமும் கூடும். முதல் விமானம் தாமதமானாலும் அன்றே போக வாய்ப்பு இருக்கும்.

2. கூடுதலாக ஒன்றிரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் மிக முக்கியம். "நாளைக்கு காத்மாண்டுவில் இருந்து ஃபிளைட், இன்னிக்கே திரும்பியாகணும்" என்ற நிலையில் போகாதீர்கள்.

3. விமானம் ரத்தானால் சண்டை போடாதீர்கள். வானிலை சரியில்லை என்று ஒரு விமானி சொல்வது உங்கள் உயிரைக் காப்பாற்றும் முடிவு. கவுன்ட்டரில் கூட்டமாக நின்று கத்தும்போது, அந்த அழுத்தம் நிறுவனத்துக்கும் போகும், விமானிக்கும் போகும்.

4. எடை விஷயத்தில் ஏமாற்றாதீர்கள். சிறிய விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. மெல்லிய காற்றில் அது இன்னும் முக்கியம். கைப்பையில் மறைத்துக் கொண்டுபோகும் சாமானும் எடைதான்.

5. சாலைப் பயணத்தை மாற்றுத் திட்டமாக வைத்திருங்கள். விமானம் இல்லை என்றால் ஜீப்பில் போகவோ திரும்பவோ நேரமும் பணமும் இருக்கட்டும். மழைக்காலத்தில் சாலையிலும் மண்சரிவு ஆபத்து உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

6. பயணக் காப்பீடு எடுக்கும்போது, சிறிய விமானப் பயணமும், அதிக உயரப் பகுதியில் இருந்து ஹெலிகாப்டரில் மீட்கும் செலவும் அதில் அடங்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

7. டூர் ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே ஒரு கேள்வி கேளுங்கள்: "விமானம் ரத்தானால் என்ன செய்வீங்க?" தெளிவான பதில் இல்லை என்றால், அவருடைய திட்டத்தில் வானிலைக்கு இடமே இல்லை என்று அர்த்தம்.

திரும்பி வருவது தோல்வி இல்லை

விமானத் துறையில் விமானிகளுக்கு ஆரம்பத்திலேயே ஒரு மனநோயைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பார்கள். "எப்படியாவது போய்ச் சேர்ந்தே ஆகணும்" என்ற எண்ணம்தான் அது. ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது, இன்னும் எட்டு நிமிடம்தான், இந்த மேகத்தைத் தாண்டினால் போதும் என்று மனசு சொல்லும். மலைப்பகுதி விபத்துகள் பலவற்றின் தொடக்கப்புள்ளி அந்த ஒரு எண்ணம்தான்.

ஆனால் அந்த எண்ணம் விமானிக்கு மட்டும் வருவதில்லை. டிக்கெட் எடுத்த நமக்கும் வருகிறது. விற்ற நிறுவனத்துக்கும் வருகிறது. எல்லோருடைய அவசரமும் சேர்ந்து கடைசியில் விமானி அறையில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

2022 மே 29 அன்று அந்த விமானத்தில் இருந்தவர்களுக்கு இன்னும் எட்டு நிமிடப் பயணம்தான் பாக்கி இருந்தது. மேகத்தைப் பார்த்ததும் விமானம் பொக்காராவுக்கே திரும்பியிருந்தால், பயணிகளுக்கு கொஞ்சம் ஏமாற்றம், நிறுவனத்துக்கு கொஞ்சம் நஷ்டம். அவ்வளவுதான். செய்தியாகக்கூட வந்திருக்காது.

அடுத்த முறை பொக்காராவிலோ, கேதார்நாத் அடிவாரத்திலோ, "இன்று விமானம் இல்லை" என்று யாராவது சொன்னால், கோபப்படுவதற்கு முன் ஒரு டீ சாப்பிடுங்கள். முக்திநாதர் எங்கேயும் போய்விடப் போவதில்லை. நாளைக்கும் அங்கேதான் இருப்பார்.